பதினோரு பாட்டும் ஒரு பழைய லேப்டாப்பும்: செங்காங் வீட்டுப் பதிவு, ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் நாள் பதிவு செய்த தாலாட்டு 4 நிமிடம் 10 விநாடி. அதில் 31 இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். நகத்தால் மேசையைத் தட்டினால் வருமே, அந்த மாதிரி. அக்கா 'ஆராரோ' என்று மூச்சை நீட்டிப் பிடித்திருந்த இடத்தில் மட்டும் நான்கு. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு அக்கா கேட்டார்: "தம்பி, நான் ஏதாவது தப்பாப் பாடிட்டேனா?"

அவர் பாட்டில் தப்பு இல்லை. எங்கே தப்பு என்று தேடிய ஆறு வாரக் கதை இது. பழைய கணினியை வைத்துக்கொண்டு வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், செய்ததையும் செய்து தோற்றதையும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஆளும் இடமும்

அக்காவுக்கு வயது 63. சொந்த அக்கா அல்ல. சிங்கப்பூரின் செங்காங்கில் பன்னிரண்டு வருடமாக எதிர்வீடு. அவருடைய அம்மா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தவர். தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு என்று அவர் பாடியதில் அக்காவுக்கு முழுதாக நினைவிருப்பவை பதினொன்று. இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் பதினான்கு இருந்திருக்கும் என்று அவரே சொன்னார். எங்கேயும் அச்சில் இல்லாத பாட்டுகள். அக்காவின் மகன் கஞ்சிரா வாசிப்பான், மகள் வயலின். ஒவ்வொரு பாட்டிலும் குரலோடு இந்த இரண்டும் போதும் என்று முடிவு செய்தோம்.

வீட்டில் இருந்தது 2012-ஆம் ஆண்டு லேப்டாப் ஒன்று. மூன்றாம் தலைமுறை ஐ-5 செயலி (புராசஸர்), இரண்டே கோர், 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். மகன் பாலிடெக்னிக்கில் படித்தபோது வாங்கியது. ஒரு கடையில் காட்டினார்களாம். "இதுல ரெக்கார்டிங் எல்லாம் ஓடாது, புதுசு எடுங்க" என்று 1,800 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு விலைப் பட்டியல் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அக்கா அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வருகிற தீபாவளி போனஸ் வரட்டும் என்று இருந்தார். அந்தக் காத்திருப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. போனஸ் அடுத்த வருடமும் வரும். பாட்டு அதுவரை நினைவில் இருக்க வேண்டுமே.

கடைக்காரர் சொன்னது சரியா?

முதலில் ஒரு கணக்கு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து, ஒரு மைக்கைப் பதிவு செய்தால் விநாடிக்கு 1,44,000 பைட். நிமிடத்துக்கு 8.64 எம்பி. பதினாறு டிராக்கை (தனித்தனிப் பதிவு வரிசையை) ஒரே நேரத்தில் ஓட்டினாலும் விநாடிக்கு 2.3 எம்பிதான். அந்தப் பழைய டிஸ்க்கே விநாடிக்கு 70, 80 எம்பி எழுதும். யூஎஸ்பி 2.0-வின் வேகத்தில் இரண்டு மைக் எடுத்துக்கொள்ளும் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. குரலை வாங்கி டிஸ்க்கில் எழுதுவது இந்தக் கணினிக்குச் சுமையே கிடையாது. 2012-இல் இதே மாதிரி கணினிகளில் முழு ஆல்பம் செய்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு குரல் ஒன்றும் கனத்துவிடவில்லை.

ஆக 'டிக்' வருவது கணினிக்கு வலு இல்லாததால் அல்ல, நேரம் தவறுவதால். ஒலி சின்னச் சின்னப் பொட்டலமாகக் கணினிக்குள் வருகிறது. அந்தப் பொட்டலத்தின் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் (அளவீடு) என்று வைத்தால் ஒரு பொட்டலம் 2.7 மில்லி செகண்ட். அடுத்தது வருவதற்குள் முந்தையதை வாங்கி முடித்திருக்க வேண்டும். சராசரியாகக் கணினி எவ்வளவு வேகம் என்பது இங்கே உதவாது. ஒரே ஒரு முறை 3 மில்லி செகண்ட் வேறு எங்காவது பார்த்துக்கொண்டு நின்றாலும் ஒரு 'டிக்'.

அப்படி எங்கே பார்க்கிறது என்று சொல்ல லேட்டன்ஸிமான் என்றொரு கருவி உண்டு; வீட்டு உபயோகத்துக்கு இலவசம். எந்த டிரைவர் (கணினியின் ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) செயலியை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும். பத்து நிமிடம் ஓடவிட்டேன். முதலிடத்தில் வைஃபை டிரைவர். வைஃபையை அணைத்துவிட்டு அதே தாலாட்டை மறுபடி முழுதாகப் பாடச் சொன்னேன். 31 என்பது 9 ஆனது. ஒரு காசு செலவில்லை.

மிச்சம் ஒன்பதுக்கு இரண்டு காரணம். 4 ஜிபி ரேமில் விண்டோஸ் மூச்சுத் திணறி, டிஸ்க்கை ஓயாமல் சுரண்டிக்கொண்டிருந்தது. அதைவிட மோசம் சூடு. லேப்டாப்பின் பின்மூடியைத் திறந்தேன். ஃபேன் இறக்கைக்கும் செம்புத் துடுப்புக்கும் நடுவே தூசி ஒரு துணி மாதிரியே படிந்திருந்தது. சாமணத்தால் பிடித்து இழுத்தால் முழுதாக உரிந்து வந்தது. செயலியின் மேலிருந்த வெப்பப் பசை காய்ந்து, விரலால் தேய்த்தால் விபூதியாக உதிர்ந்தது. நம்மூரில் நடுப்பகல் அறை வெப்பமே 30, 31 டிகிரி. வேலை கொடுத்ததும் செயலி 94 டிகிரிக்குப் போய், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. துடைத்துப் புதுப் பசை தடவியதும் அதே வேலைக்கு 71 டிகிரி. இந்த ஆறு வாரத்தில் செய்த வேலைகளிலேயே மிகப் பயனுள்ளது எது என்று கேட்டால், அந்த ஒன்பது வெள்ளிப் பசையைத்தான் சொல்வேன்.

மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலாத டிஸ்க்) ஒன்று வாங்கினேன். பழைய பொருள் விற்கும் கேரோசெல் தளத்தில் 8 ஜிபி ரேம் கிடைத்தது. எஸ்எஸ்டி வேகத்துக்காக மட்டுமல்ல. சுழலும் டிஸ்க்கின் கரகரப்பு மைக்கில் விழாது என்பதும் ஒரு காரணம். இதற்குப் பின் 'டிக்' பூஜ்யம். அப்படித்தான் நினைத்தேன்.

ரீங்காரம்

'டிக்' போனதும் அதன் பின்னால் ஒளிந்திருந்தது கேட்க ஆரம்பித்தது. வண்டு மாதிரி ஒரு ரீங்காரம், பாட்டுக்கு அடியில் இடைவிடாமல். மென்பொருளில் அலைவரிசையை விரித்துப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸில் ஒரு குச்சி, 100-இல் ஒன்று, 150-இல் ஒன்று. சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆக இது வீட்டு மின்சாரம்தான்.

மைக்கின் உலோக உடம்பை அக்கா கையால் தொட்டால் ரீங்காரம் குறைந்தது. கையை எடுத்தால் கூடியது. எர்த் இல்லை என்பதற்கு இது நல்ல அடையாளம். சார்ஜரைப் பிடுங்கினேன், ரீங்காரம் நின்றது. ஆனால் பேட்டரிக்கு மாறிய பத்தாவது விநாடியில் 'டிக்' திரும்பி வந்துவிட்டது!

எனக்கு அன்று உண்மையிலேயே மனம் சோர்ந்துவிட்டது. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று எழுகிறது. இரவு பத்து மணி ஆகியிருந்தது. அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம் தம்பி" என்றார். மறுநாள் காலை பஸ்ஸில் போகும்போதுதான் பிடிபட்டது. பேட்டரியில் ஓடும்போது கணினி மின்சாரத்தை மிச்சப்படுத்தச் செயலியின் வேகத்தைப் பாதியாக்குகிறது. திரும்ப வேகமெடுக்கும் அந்தக் கண நேரத்தில் பொட்டலம் தவறுகிறது. விண்டோஸின் பவர் பிளான் அமைப்பில், செயலி எப்போதும் முழு வேகத்தில் இருக்கும்படி குறைந்தபட்ச அளவை 100 விழுக்காடு என்று வைத்தேன். நின்றது. ஆனால் பழைய பேட்டரி, 35 நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை.

ரீங்காரத்தின் வேர் சார்ஜரில் இருந்தது. பழையது கெட்டுப்போய், இணையத்தில் மலிவாக வாங்கிய மாற்று அது. லேப்டாப் பக்கம் போகும் வயரில் எர்த் இணைப்பே இல்லை, சேஃப்டி மார்க் முத்திரையும் இல்லை. சிங்கப்பூரில் லேப்டாப் அடாப்டருக்கு அந்த முத்திரை சட்டப்படி கட்டாயம். ஒலிக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காகவாவது அதைப் பார்த்து வாங்க வேண்டும். மூன்று முள்ளும் வேலை செய்கிற, முத்திரை உள்ள சார்ஜர் 32 வெள்ளி. அதைச் செருகிய அன்று முதன்முறையாக அக்கா மூச்சு வாங்குவது தனியாகக் கேட்டது.

பாம் ஷெல்டரில் பாடினால்?

எல்லாரும் சொன்ன யோசனை: "பாம் ஷெல்டர்ல வச்சுப் பாடுங்க, வெளிச்சத்தம் வராது." 1997-இல் வந்த சட்டத்துக்குப் பின் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் குண்டுவீச்சிலிருந்து ஒதுங்க இந்த அறை உண்டு, தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. அரிசி மூட்டையையும் பழைய சூட்கேஸையும் வெளியே எடுத்து, அக்காவை உள்ளே உட்கார வைத்தோம். வெளிச்சத்தம் நிஜமாகவே வரவில்லை. ஆனால் அக்கா ஒவ்வொரு முறை ஆதார சட்ஜத்தில் வந்து நிற்கும்போதும் அந்த ஒரு சுரம் மட்டும் குடத்துக்குள் பாடியது போல் 'ஓம்' என்று வீங்கியது. மற்ற சுரமெல்லாம் ஒல்லி.

டேப் வைத்து அளந்தேன். அறையின் அகலம் 1.65 மீட்டர். இரண்டு கான்கிரீட் சுவருக்கு நடுவே ஒலி முட்டி முட்டித் திரும்பும்போது, இந்த அகலத்துக்குச் சுமார் 105 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 210-உம் தங்கிவிடும். அக்கா இயல்பாக எடுக்கும் சுருதி ஐந்தரைக் கட்டை. சட்ஜம் 208 ஹெர்ட்ஸ். அவருடைய சுருதிக்கே அளவெடுத்துக் கட்டியது போல் அந்த அறை. சுருதியை மாற்றிப் பாடச் சொல்லலாமா என்று மகன் கேட்டான். கூடாது என்றேன். அம்மா பாடிய உயரத்தில்தான் அக்காவுக்கு வார்த்தை வருகிறது. கீழே இறக்கினால் இரண்டாம் அடியில் தடுமாறுகிறார்.

படுக்கையறைக்கு மாறினோம். அலமாரியின் இரண்டு கதவையும் திறந்து வைத்து, தொங்கும் சேலைகளைப் பார்த்து மைக்கும், சேலைகளுக்கு முதுகு காட்டி அக்காவும். இரண்டு பக்கமும் துணி காயவைக்கும் ஸ்டாண்டில் தடித்த கம்பளி. டைனமிக் மைக், எஸ்எம்58. 1966-லிருந்து மேடைகளில் இருக்கும் மைக். நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கும் கண்டன்சர் மைக்தான் உசத்தி என்று பலரும் சொல்வார்கள். வீவக வீட்டில், எல்ஆர்டி ரயில் போகும் பக்கத்தில், அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. டைனமிக் மைக் வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் இருப்பதைத்தான் நன்றாகக் கேட்கும். அதைத் தாண்டியது மங்கிவிடும். இங்கே நமக்கு வேண்டியது அதுதான்.

லேப்டாப் ஃபேன் சத்தத்துக்குத் தீர்வு எளிது. லேப்டாப்பையும் ஆடியோ இன்டர்ஃபேஸையும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) கூடத்தில் வைத்து, பத்து மீட்டர் எக்ஸ்எல்ஆர் மைக் கேபிளை மட்டும் கதவுக்கு அடியில் விட்டோம். யூஎஸ்பி கேபிள் ஐந்து மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது; எக்ஸ்எல்ஆர் அதைப் போலப் பல மடங்கு தூரம் போகும். பதிவு நேரம் ஏர்கான் நிறுத்தம், மின்விசிறி நிறுத்தம். ஒரு டேக்குக்கு (ஒரு முறை பதிவுக்கு) ஆறு நிமிடம், அப்புறம் கதவைத் திறந்து காற்று. அக்கா ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் பாடினார்.

கைக்கும் காதுக்கும் நடுவில்

குரல் முடிந்து கஞ்சிராவுக்கு வந்தோம். மகன் ஹெட்ஃபோனில் அம்மா பாட்டைக் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். இரண்டு ஆவர்த்தனம் வாசித்துவிட்டு நிறுத்தினான்.

"அங்கிள், கைக்கும் காதுக்கும் நடுவுல யாரோ நிக்கிற மாதிரி இருக்கு."

அவன் தட்டியது மைக் வழியாகக் கணினிக்குள் போய்த் திரும்பி ஹெட்ஃபோனுக்கு வர 25 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. ஒன்பது மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவனின் சத்தம் நம்மிடம் வந்து சேரும் நேரம் அது. தாளக்காரனுக்கு இது நடக்காது. இந்த இடத்தில்தான் பலர் பஃபரை 64, 32 என்று இறக்கி, பழைய கணினியைப் பிழிந்து, 'டிக்' திரும்பி வந்ததும் புதுக் கணினி வாங்கப் போகிறார்கள்.

போக வேண்டியதில்லை. பெரும்பாலான ஆடியோ இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மைக்கின் ஒலி கணினிக்குப் போகாமலேயே பெட்டிக்குள் திரும்பி நேராக ஹெட்ஃபோனுக்கு வரும். தாமதம் காதுக்குத் தெரியவே தெரியாது. மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை மட்டும் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு முறை கேட்கும். பஃபரை இறக்கவில்லை, 1024-க்கு ஏற்றினேன். கணினி நிதானமாக 21 மில்லி செகண்டுக்கு ஒருமுறை பொட்டலத்தை வாங்கிக்கொண்டது. பதிவான கஞ்சிராவைச் சரியான இடத்தில் பொருத்தும் வேலையை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். குரலும் வாத்தியமும் மட்டும் பதிவு செய்கிறவர்களுக்குப் பழைய கணினி போதும் என்று நான் துணிந்து சொல்வது இந்த ஒரு பொத்தானை நம்பித்தான். கீபோர்டைத் தட்டிக் கணினிக்குள்ளிருந்தே வாத்தியச் சத்தம் எழுப்புகிறவர்களுக்கு இது உதவாது. அவர்களுக்குப் பஃபர் இறங்கித்தான் ஆக வேண்டும், அங்கே செயலியின் வயது தெரியும்.

கஞ்சிராவில் கணினிக்குச் சம்பந்தமில்லாத சிக்கல் ஒன்று வந்தது. தோலின் உட்புறம் தண்ணீர் தடவிச் சுருதியை இறக்கி வாசிப்பது வழக்கம். டேக்குக்கு நடுவே இளைப்பாற ஏர்கானைப் போட்டதும் தோல் காய்ந்து சுருதி ஏறிவிடும். ஐந்தாம் பாட்டில் நடுவில் நான்கு அடியை மட்டும் திரும்ப வாசித்து ஒட்டினால், வேறு கஞ்சிரா போல் கேட்டது. அதன் பிறகு கஞ்சிராவுக்கு மட்டும் ஒட்டு வேலையே கிடையாது. தப்பு வந்தால் பாட்டு முழுவதும் மறுபடி.

இயலாதவை

மிக்ஸிங்கில் (பதிவுகளைக் கலந்து ஒன்றாக்கும்போது) இந்தக் கணினியின் எல்லை தெரிந்தது. ரீப்பர் என்ற பதிவு மென்பொருளைப் பயன்படுத்தினோம். பதிவிறக்கும்போதே சின்னது, பழைய கணினியிலும் கனக்காது. 60 நாள் சோதனை, பிறகு தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். முதலில் ஒவ்வொரு டிராக்கிலும் தனித்தனி ரிவெர்ப் (கூடத்தில் பாடுவது போன்ற எதிரொலி) போட்டேன். மூன்றாவதில் செயலி நின்றது. ஒரே ரிவெர்ப்பைத் தனி டிராக்கில் வைத்து, குரல், வயலின், கஞ்சிரா மூன்றிலிருந்தும் அதற்குக் கொஞ்சம் கொஞ்சம் அனுப்பினேன். செயலியின் சுமை மூன்றில் ஒன்றாயிற்று. கேட்கவும் இதுதான் அழகு. மூவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பது போல. முடிந்த டிராக்கை ஃப்ரீஸ் செய்து வைத்தால் அதன் பிளகின்கள் (ஒலியை மாற்றும் துணை நிரல்கள்) செயலியை விட்டு இறங்கிவிடும்.

மகளுக்கு ஓர் ஆசை இருந்தது. தாலாட்டுக்குப் பின்னால் பெரிய வயலின் குழு ஒன்று மெல்ல வாசிக்க வேண்டும், அதற்கான சாம்பிள் தொகுப்பு (முன்பே பதிவு செய்த சுரங்களின் தொகுப்பு) இணையத்தில் கிடைக்கிறது என்றாள். அது 40 ஜிபி. 8 ஜிபி ரேமில் ஏற்றினால் ஒரு சுரம் தட்டவே கணினி திணறியது. இரண்டு மாலை போராடிவிட்டு, முடியாது என்று அவளிடம் நேராகச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. பிறகு அவளே தன் வயலினை ஒரே வரிக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் மைக்கிலிருந்து ஓரடி தள்ளி நின்று வாசித்து அடுக்கினாள். மூன்றாம் பாட்டின் முடிவில் அது இருக்கிறது. தொகுப்பை ஏற்ற முடிந்திருந்தால் அதை நாங்கள் செய்திருக்க மாட்டோம்.

இன்னொன்று, விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதும் அல்ல. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் மின்னஞ்சல், வங்கி எதுவும் பார்க்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஏற்கெனவே வைஃபை அணைந்துதான் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும், தம்ப் டிரைவில் மட்டும் போக்குவரத்து. லினக்ஸ் பழகியவர்களுக்கு உபுண்டு ஸ்டூடியோவும் ஆர்டர் (Ardour) என்ற பதிவு மென்பொருளும் நல்ல வழி. எங்களுக்கு அதைப் பழக நேரமில்லை.

செலவு

எஸ்எஸ்டி 38 வெள்ளி, ரேம் 18, பசை 9, பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ் 70, சார்ஜர் 32, கேபிள் 22. மொத்தம் 189 வெள்ளி. ரீப்பர் உரிமம் தனி. மைக் என்னுடையது, ஹெட்ஃபோன் வீட்டில் இருந்தது. ஒவ்வொரு இரவும் அன்றைய பதிவை இரண்டு வேறு டிரைவில் நகல் எடுத்தோம். இந்த ஒன்றில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பத்துப் பாட்டு முடிந்துவிட்டது. ஏழாவதில், விடியற்காலை பதிவு என்பதால், இரண்டாம் அடிக்குப் பின் கீழே மரத்திலிருந்து குயில் ஒன்று கூவுவது கேட்கும். அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு, "அம்மா பாடுறப்பவும் இருந்திருக்கும், விட்டுடுங்க" என்றார் அக்கா.

பதினோராவது நடவுப் பாட்டு நிற்கிறது. பதிவு செய்ய உட்கார்ந்த அன்று மூன்றாம் கண்ணியின் கடைசி அடி அக்காவுக்கு வரவில்லை. மெட்டு வருகிறது, சொல் வரவில்லை. மன்னார்குடியில் சின்னம்மா ஒருவர் இருக்கிறார், 81 வயது. ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்கு அழைப்பதாக அக்கா சொல்லியிருக்கிறார். அந்த டிராக்கைத் திறந்தபடி, பெயர் எழுதி, பஃபர் 1024-இல் சேமித்து வைத்திருக்கிறேன்.